படம் 'பிடிக்க' ஆசையா?

கேள்வி: தனுஷ்கோடியைப் படம் பிடிக்க ஆசை. எந்த கேமரா வாங்கலாம்? இரண்டு நாள் போதுமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: 'பிடிக்க' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைத் தாண்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. ராமநாதபுரம் கரையில் மீனையும் பிடிப்பார்கள், நண்டையும் பிடிப்பார்கள். ஒருவரை நமக்குப் பிடித்துப்போவதும் அதே சொல்தான். படத்துக்கும் அதுவே வாய்த்தது தமிழ் தந்த கொடை. பிடித்துப்போகாத ஊரைப் படம் பிடிக்க முடியாது என்று நான் நிஜமாகவே நம்புகிறேன்.

பாம்பனில் வள்ளக்காரரிடம் பேசிப் பாருங்கள். முதலில் காற்றைத்தான் சொல்வார். ராமேஸ்வரம் தீவுக்குத் தெற்கே மன்னார் வளைகுடா, அங்குள்ளவர்கள் வாயில் அது ஆண்கடல். வடக்கே பாக் நீரிணை, பெண்கடல். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஆண்கடல் குமுறும், பெண்கடல் குளமாகக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் தலைகீழ். ஒரே காலையில், சாலைக்கு ஒரு பக்கம் வெயில் அலையில் நொறுங்கும். மறுபக்கம் வானம் அப்படியே தண்ணீரில் படுத்திருக்கும். இதை இரண்டு நாளில் எப்படிப் பிடிப்பீர்கள்? 1964 புயலில் இடிந்த தேவாலயச் சுவரும் அதன் இடுக்கில் சூரியனும் கிடைக்கும். அந்தப் படம் என் மேசைக்கு ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது.

ஒரு பழைய சண்டையும் ஞாபகம் வருகிறது. கடற்பாசி எடுக்கும் பெண்ணின் வெடித்த கைகளைக் காட்டிய படத்துக்கு ஒரு புகைப்படப் போட்டியில் முதல் பரிசு கொடுத்தார்கள். கீழே 'வறுமை' என்று தலைப்பு. அந்தக் கைக்காரம்மாவுக்குப் பேர் இல்லையா என்று அன்று கேட்டேன், இன்றும் கேட்கிறேன். பாறை கிழிக்காமல் இருக்க விரல் விரலாகத் துணிக் கிழிசல் சுற்றியிருப்பார்கள். சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டை. மூச்சை அடக்கி மூழ்கி, பாசியைப் பறித்துப் பையில் திணித்துக்கொண்டு எழுவார்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள்தான் கடலுக்குள் போவது எனத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள் அவர்கள். 'வறுமை' என்ற ஒரு சொல் இத்தனையையும் அழித்துவிடுகிறது.

மதுரைக்காரர், புகைப்படக்காரர் எம். பழனி குமார், ராமநாதபுரம் மாவட்டத்துப் பாரதிநகர்ப் பாசிப் பெண்களை எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள். பரிதாபத்துக்காக நிறுத்தி வைத்த முகம் ஒன்றுகூட இல்லை; வேலை தெரிந்தவர்கள் வேலையில் இருக்கிறார்கள். மீன் விற்று வளர்த்த அம்மா கடன் வாங்கித் தந்த கேமராவில் 2013-ல் தொடங்கியவர் அவர். கேமரா பற்றிய உங்கள் கேள்விக்கு என்னிடம் இதைவிட நல்ல பதில் இல்லை. கையில் இருப்பதே போதும்.

கைவேலை இரண்டு சொல்கிறேன். மணல் மின்னுவதைப் பார்த்து, வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் ஏமாறும், வெள்ளை மணல் படத்தில் சாம்பலாகிவிடும். ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, வெளிச்சம் கூட்டி வையுங்கள். மணல் ஒட்டிய லென்ஸை ஒருபோதும் துடைக்காதீர்கள், முதலில் ஊதித் தள்ளுங்கள்.

முதல் நாள் கேமராவைப் பையிலேயே விட்டுவிட்டு, கரையில் உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். எந்த மாதம் போகிறீர்கள் என்று எழுதுங்கள். அப்போது எந்தக் கடல் அடங்கியிருக்கும் என்று சொல்கிறேன்.