ஜெட்டி வாங்கலாமா? (சிரிக்காதீர்கள்)

கேள்வி: ஜெட்டி, பியர், வார்ஃப், டாக் எல்லாம் ஒன்றுதானே? விளம்பரங்களில் இஷ்டத்துக்குப் போடுகிறார்களே?
- வாசகர், தூத்துக்குடி

பதில்: துறைமுக ஊரிலிருந்து இந்தக் கேள்வியா! வார்ஃப் கரையை ஒட்டியே நீளும், கப்பல் அதன் பக்கவாட்டில் அணையும். பியர் தூண்கள் மேல் கடலுக்குள் நீண்டு நிற்கும், அடியில் தண்ணீர் ஓடும். நம் ஊரில் கடல்பாலம் என்போம். டாக் என்பது சுவர்களுக்கு நடுவே கப்பல் நிற்கும் தண்ணீர்ப் பகுதி, சென்னைத் துறைமுகத்தின் ஜவஹர் டாக் மாதிரி. அமெரிக்கர்கள் மட்டும் படகு கட்டும் பலகைத் தளத்தையே டாக் என்பார்கள். ஜெட்டிதான் ஆபத்து. கல்லைக் கொட்டினாலும் ஜெட்டி, நாலு பலகை அடித்தாலும் ஜெட்டி. குட்டநாட்டில் ‘தனி ஜெட்டியுடன் அறை’ என்று நான் முன்பணம் கட்டிப் போய்ப் பார்த்தது சேற்றின் மேல் போட்ட இரண்டு தென்னந்தடி. படகுக்குத் தனிக் காசு.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ‘சொந்த ஜெட்டியுடன் வில்லா மனை’. வீடியோவில் கடலுக்குள் நீளும் கல் வரிசை தெரிகிறது. நேரில் போகவில்லை, இரண்டு லட்சம் அட்வான்ஸ் அனுப்பிவிட்டேன். பத்திரத்தில் ஜெட்டியையும் சேர்க்கச் சொல்லலாமா?
- வாசகர், கோவை

பதில்: கத்தரிக்காயைக்கூட நாலைந்து புரட்டிப் பார்த்துத்தானே வாங்குகிறீர்கள்? இரண்டு லட்சத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் எடுக்கத் தோன்றவில்லையா?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது படகு கட்டும் இடமே இல்லை. மீனவர்கள் ‘தூண்டில் வளைவு’ என்பார்கள். மண் அரிப்பைத் தடுக்க அரசு போடுகிற கல். அலை நாளில் படகை அதன் பக்கம் கொண்டுபோனால் மரமோ ஃபைபரோ, தூள்தான்.

இதில் என்னை எரிச்சல்படுத்துவது வேறு. நம் கிழக்குக் கரையில் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு மணல் தெற்கிலிருந்து வடக்காகத்தான் அதிகம் நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டால் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை கரையும். சென்னையில் துறைமுகம் வந்த பிறகுதான் அதன் தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. கல் வரிசையைக் காட்டி மனை விற்கிறவர் எந்தப் பக்கம் என்று சொல்வதே இல்லை. உங்கள் மனை வடக்கில் என்றால், அதைக் கடல் அளக்க வரும்.

அரசு போட்ட கல்லை உங்கள் பத்திரத்தில் எழுத முடியாது. புதிதாக ஜெட்டி கட்டித் தருகிறோம் என்றால், கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அனுமதியின் நகலைக் கேளுங்கள். முதலில் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அந்த வீடியோவை அழித்துவிடாதீர்கள். ‘வெறும் நிலம்தான் விற்றோம், இது நுகர்வோர் வழக்கே இல்லை’ என்று வாதாடுவார்கள். வசதிகளோடு மனை தருவதாகச் சொன்னதற்கு அந்த வீடியோதான் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகாரும் பதியுங்கள்.

கேள்வி: புதுச்சேரியில் ‘கடல்பாலக் காட்சி’ அறை எடுத்தோம். பாலமே உடைந்து கிடக்கிறது!
- வாசகி, சேலம்

பதில்: அது 2022 மார்ச்சில் இடிந்தது. பழைய படத்தைப் போட்டுக் காசு வாங்கியது தவறுதான், அறை வாடகையில் ஒரு பகுதியைக் கேளுங்கள். தரவில்லை என்றால் அதே 1915.

கேள்வி: கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையிலிருந்து வள்ளுவர் சிலைக்குத் தனிப் படகு வேண்டும் என்று ஏஜென்ட் ஆளுக்கு 300 கேட்கிறார்.
- வாசகர், ஈரோடு

பதில்: 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் திறந்தாயிற்று. 77 மீட்டர், நடங்கள்.

கேள்வி: உப்பங்கழியில் ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறேன். ஏறி இறங்க மிதக்கும் பிளாஸ்டிக் ஜெட்டி வாங்கினேன். பத்து வருடம் வரும் என்றார்கள். எட்டே மாதத்தில் கட்டைகளை இணைக்கும் மூலைக் காதுகள் பிய்ந்துவிட்டன. ‘தொழிலுக்கு வாங்கியது, கேஸ் போட முடியாது’ என்கிறார் கடைக்காரர்.
- வாசகர், கடலூர் மாவட்டம்

பதில்: ஐயா, அவர் பாதிச் சட்டத்தைத்தான் சொல்கிறார். சொந்தமாக உழைத்துப் பிழைக்க வாங்கியவரும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுங்கள். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

பில்லும், பத்து வருடம் என்று எழுதிய வாட்ஸ்அப் செய்தியும் வேண்டும். பிய்ந்த காதைக் கடையில் திருப்பித் தராதீர்கள். தொட்டால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? வெயில் தாங்கும் சரக்கு சேர்க்காத பிளாஸ்டிக் அப்படித்தான் உதிரும். மொட்டைமாடியில் நான் மலிவாக வாங்கிப் போட்ட நாற்காலி இரண்டாவது கோடையில் என்னோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்தது.

ஒன்று மட்டும் நீங்களே பாருங்கள். கம்பத்தில் வளையம் மாட்டி, ஓதம் ஏறி இறங்கும்போது ஜெட்டியும் கூடவே ஏறி இறங்கும்படி விட்டிருந்தீர்களா, இல்லை கயிற்றால் இறுக்கிவிட்டீர்களா? எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதுதான். இறுக்கியிருந்தாலும், அப்படிக் கட்டாதே என்று கடைக்காரர் சொன்னாரா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.