அமெரிக்க வீட்டுக் காப்பீட்டில் பூஞ்சைக்கு இழப்பீடு கிடைக்குமா?

கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். டெக்சாஸில் சொந்த வீட்டில் வசிக்கும் ஒருவர், சமையலறைத் தொட்டிக்குக் கீழேயுள்ள அலமாரியின் பின்சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டிருக்கிறார். பாலிசியைப் புரட்டினால் ஒரு பக்கத்தில் பூஞ்சைச் சேதத்திற்கு இழப்பீடு இல்லை என்றும், பின்னால் இணைக்கப்பட்டுள்ள இன்னொரு தாளில் பூஞ்சைக்கு 10,000 டாலர் வரை தரப்படும் என்றும் இருக்கிறது. இவற்றுள் எது செல்லும் என்று கேட்கிறார்.

இரண்டும் செல்லும். க்ளெய்ம் செய்தவுடன் சேதத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் வீட்டைப் பார்க்க வரும் அட்ஜஸ்டர் பூஞ்சையைப் படம் எடுத்துக்கொள்வார் என்றாலும், அவர் உண்மையில் தேடுவது அதற்குக் காரணமான தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, திடீரென்று கொட்டியதா அல்லது மாதக்கணக்கில் கசிந்ததா, அது தெரிந்த பிறகு வீட்டுக்காரர் என்ன செய்தார் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளைக் கொண்டே பணம் வருமா, வந்தால் எந்தத் தலைப்பில் வரும் என்பது முடிவாகிறது. நான் வழக்கறிஞனும் அல்ல, காப்பீட்டு முகவரும் அல்ல. டாலஸ் பகுதியில் இத்தகைய ஒரு க்ளெய்மைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை நடத்தியவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் பாலிசியில் உள்ள சொற்கள் நான் சொல்வதிலிருந்து வேறுபட்டால் அவையே இறுதியானவை.

தனி வீடுகளுக்குப் பெரும்பாலும் விற்கப்படுவது எச்.ஓ.-3 என்னும் வகைப் பாலிசி. கட்டடத்தைப் பொறுத்தவரை, விலக்கு என்று எழுதப்பட்டிருப்பவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றிற்கும் இழப்பீடு தருவது அதன் அமைப்பு. பூஞ்சை, துரு, உளுப்பு, தேய்மானம் ஆகியவை அந்த விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. அவை காலப்போக்கில், பராமரிப்புக் குறைவால் வருபவை என்பது நிறுவனங்களின் வாதம். ஆனால் பல நிறுவனங்கள் அடிப்படையாகக் கொள்ளும், காப்பீட்டுப் படிவங்களை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. என்ற அமைப்பின் மாதிரிப் படிவத்தில், 2000 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, இந்த விலக்குக்கே ஒரு விதிவிலக்கு உண்டு. வீட்டுக் குழாய், ஏ.சி., வெப்பமூட்டி, பாத்திரம் கழுவும் இயந்திரம் போன்றவற்றிலிருந்து தற்செயலாக வெளியேறிய தண்ணீரால், சுவருக்குள்ளோ தரைக்கு அடியிலோ கூரைப் பலகைக்கு மேலோ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பூஞ்சை வளர்ந்திருந்தால், அதற்கு இழப்பீடு உண்டு என்பதே அந்த விதிவிலக்கு. குளியலறையில் காற்றோட்டம் இல்லாமல் ஓடுகளின் இடையே படரும் பூஞ்சைக்கும், குளிர்காலத்தில் ஜன்னல் ஓரத்தில் நீர் துளிர்த்து வரும் கறைக்கும் இது பொருந்தாது. ‘கண்ணுக்குத் தெரியாத’ என்ற சொல்லை அட்ஜஸ்டர்கள் மிகக் கவனமாகப் படிப்பார்கள். உங்கள் அலமாரிக்குப் பின்னால், சுவருக்குள் செல்லும் குழாய் பழுதாகிச் சுவரின் உட்புறத்திலிருந்து ஈரம் வந்திருந்தால் உங்கள் வழக்கு வலுவானது. தொட்டியின் கீழே தெரியும் இணைப்பில் நீண்ட நாளாகச் சொட்டி, அலமாரியின் அடிப்பலகை உப்பியிருந்தால், கதவைத் திறந்திருந்தாலே தெரிந்திருக்கும் என்று அவர் எழுதிவிட்டுப் போவார்.

இந்த விதிவிலக்கை அப்படியே வைத்திருக்காத நிறுவனங்கள் பல. 14 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்த கசிவுக்கு இழப்பீடு இல்லை என்று எண்ணிக்கை போட்டு எழுதும் பாலிசிகளும் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஒரு வாசகம் ஃபுளோரிடாவில் நீதிமன்றத்திற்குச் சென்றபோது, 2018 இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, 14 நாட்களோ அதற்கு மேலோ நீடித்த கசிவுக்கு விலக்கு என்று எழுதியிருப்பதாலேயே முதல் 13 நாட்களில் ஏற்பட்ட சேதமும் விலக்கப்பட்டதாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. அது ஃபுளோரிடாவுக்கு உரிய தீர்ப்பு. டெக்சாஸ் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மறுப்புக் கடிதத்தைக் கையில் வாங்கியவுடன் நம்பிக்கை இழந்துவிடக் கூடாது என்பதற்கு அது நல்ல சான்று.

அந்த 10,000 டாலர் தாள் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பின்னணி உண்டு. அது பெரும்பாலும் டெக்சாஸின் கதை என்பதால் இங்கே சொல்வது பொருத்தம். ஆஸ்டினுக்கு அருகிலுள்ள டிரிப்பிங் ஸ்பிரிங்ஸில் ஒரு பெரிய மாளிகையில் குழாய்க் கசிவுக்குப் பின் பூஞ்சை பரவி, குடும்பம் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. காப்பீட்டு நிறுவனத்தின் மீது அவர்கள் தொடுத்த வழக்கில், 2001 ஜூனில் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) அவர்களுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் வழங்கியது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டில் அது ஏறத்தாழ 40 லட்சமாகக் குறைக்கப்பட்டது என்பது முதல் செய்தி அளவுக்குப் பரவவில்லை. அந்த முதல் தொகையின் பெரும்பகுதி பூஞ்சையால் கெட்ட மரத்திற்கும் சுவருக்கும் உரிய விலை அல்ல. க்ளெய்மைக் கையாண்ட விதத்திற்கான தண்டமும், மன உளைச்சலுக்கான ஈடும், வழக்குச் செலவும் அதில் அடங்கியிருந்தன. பூஞ்சை உடல்நலத்தைக் கெடுத்தது என்ற மருத்துவச் சாட்சியத்தை நீதிபதி நடுவர் குழுவின் முன் வைக்க அனுமதிக்கவே இல்லை. இருந்தபோதிலும், அதன் பிறகு டெக்சாஸில் பூஞ்சைக் க்ளெய்ம்கள் பெருகின, பிரீமியம் உயர்ந்தது, சில நிறுவனங்கள் புதிய பாலிசி எழுதுவதையே நிறுத்தின. பூஞ்சைக்கான பொறுப்பைக் குறைத்துக்கொள்ள ஒழுங்குமுறைத் துறையும் வழிவிட்டது. பழைய டெக்சாஸ் படிவத்தின்படி, இழப்பீட்டுக்கு உரிய கசிவிலிருந்து வந்ததாயினும் பூஞ்சைக்கு இழப்பீடு இல்லை என்று 2006 இல் மாநில உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இன்று நம் பாலிசிகளில் பூஞ்சைக்கு இருப்பவை பெரும்பாலும் அப்போது முழுவதும் எடுக்கப்பட்டு, பின்னர் சிறு அளவில் இணைப்பாகத் திருப்பித் தரப்பட்டவை.

அந்த இணைப்பைத்தான் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும். 10,000 டாலர் என்பது ஐ.எஸ்.ஓ. மாதிரியிலேயே உள்ள தொகை. அதைப் பூஞ்சையைச் சுரண்டி எடுப்பதற்கான கூலி என்று பலர் எண்ணுகிறார்கள். மாதிரிப் படிவத்தின்படி அந்தத் தொகைக்குள் பூஞ்சையால் நேர்ந்த சேதமும், அதை அகற்றும் செலவும், அதை எட்டுவதற்காகச் சுவரையோ தரையையோ பெயர்த்து மீண்டும் அமைக்கும் செலவும், வேலைக்கு முன்னும் பின்னும் காற்றைச் சோதிக்கும் கட்டணமும், பூஞ்சையின் காரணமாக வீட்டில் இருக்க முடியாமல் வெளியே தங்கும் செலவும் எல்லாம் அடக்கம். மேலும் அது ஒரு க்ளெய்முக்கு உரிய தொகை அல்ல. அந்தப் பாலிசி ஆண்டு முழுவதற்கும் சேர்த்து அவ்வளவுதான். மார்ச்சில் குளியலறைக்காக அதைச் செலவழித்துவிட்டால், ஆகஸ்டில் கூரையிலிருந்து ஒழுகும்போது பூஞ்சைக்கு என்று எதுவும் மிஞ்சாது.

அதே இணைப்பில் வீட்டுக்காரருக்குச் சாதகமான ஒரு வாசகமும் இருக்கிறது; அதைக் குறிப்பிட்டுக் கேட்பவர்கள் குறைவு. பூஞ்சை இல்லாமலேயே இழப்பீட்டுக்கு உரிய சேதம் இருந்தால், பூஞ்சை அச்சேதத்தை எந்த அளவுக்குக் கூட்டியதோ அந்த அளவுக்கு மட்டுமே இந்த வரம்பு பொருந்தும். மற்றவை பாலிசியின் முழுத் தொகைக்குள் வரும். அதாவது குழாய் வெடித்து நனைந்த சுவர்ப் பலகையை, பூஞ்சை வந்திருந்தாலும் வராவிட்டாலும், எப்படியும் வெட்டி எடுத்திருக்க வேண்டும் என்றால் அது தண்ணீர்ச் சேதம். அதைப் பூஞ்சைக் கணக்கில் எழுதுவதற்கு இடமில்லை.

எனது க்ளெய்மில் சண்டை நடந்தது இந்த ஒரே புள்ளியில்தான். டெக்சாஸ் வீடுகள் பலவற்றில் ஏ.சி.யின் உட்பகுதி, மேற்கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் என்னும் பரணில் இருக்கும். அதன் வடிகால் குழாய் பாசியால் அடைபட்டால் கீழேயுள்ள தட்டு நிரம்பி, படுக்கையறைக் கூரை வழியே தண்ணீர் இறங்கும். எங்கள் வீட்டில் அதுவே நடந்தது. அட்ஜஸ்டர் அனுப்பிய முதல் மதிப்பீட்டில் கூரைப் பலகை, வெப்பத் தடுப்புப் பஞ்சு, வண்ணம், கார்பெட் என்று எல்லாமே பூஞ்சை அகற்றும் வேலை என்ற ஒற்றைத் தலைப்பின்கீழ் இருந்தன. கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டியதால் மீதி எங்கள் பொறுப்பு என்று முடிக்கப்பட்டிருந்தது. நான் ஒப்பந்தக்காரரிடம் வரிவரியாகத் தனி மதிப்பீடு எழுதி வாங்கி, மேலே சொன்ன வாசகத்தின் பக்க எண்ணைக் குறிப்பிட்டு, நனைந்ததாலேயே மாற்ற வேண்டியவை எவை, பூஞ்சைக்காக மட்டும் செய்தவை எவை என்று பிரித்துத் தரும்படி எழுத்தில் கேட்டேன். இரண்டாம் மதிப்பீட்டில் பூஞ்சைத் தலைப்பில் மிஞ்சியவை தடுப்புத் திரை கட்டியது, காற்றை வடிகட்டிய இயந்திரத்தின் வாடகை, மரச் சட்டங்களைத் தேய்த்துத் துடைத்தது, சோதனைக் கட்டணம் ஆகியவை மட்டுமே. அடைபட்ட வடிகாலைச் சரிசெய்த செலவு எங்களுடையது. பழுதான பொருளுக்குப் பாலிசி பணம் தராது, அதிலிருந்து வந்த தண்ணீர் கெடுத்ததற்கே தரும். தொலைபேசியில் இதையெல்லாம் பேசிப் பயனில்லை என்பது என் கருத்து. எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. டெக்சாஸ் சட்டப்படி, பொதுவாகக் க்ளெய்ம் கிடைத்த 15 நாட்களுக்குள் அது கிடைத்ததை நிறுவனம் உறுதிசெய்து விசாரணையைத் தொடங்க வேண்டும், கேட்ட ஆவணங்கள் எல்லாம் கைக்கு வந்த 15 வேலை நாட்களுக்குள் ஏற்பதா மறுப்பதா என்று தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்காரர் மீதும் கடமைகள் உண்டு. உடனே தெரிவிப்பது, மேலும் கெடாமல் தடுப்பது, அதற்கான ரசீதுகளை வைத்திருப்பது ஆகியவை பாலிசியின் நிபந்தனைகள். நனைந்த பொருள்கள் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் உலர்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வளராது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. எனவே அட்ஜஸ்டர் வரட்டும் என்று ஈரக் கார்பெட்டை ஒரு வாரம் அப்படியே விட்டு வைத்தால், அந்த வாரத்தில் வளர்ந்தது உங்கள் கவனக்குறைவால் வந்தது என்று எழுத இடம் கொடுத்ததாகிவிடும். தண்ணீரை அடைத்து, படம் எடுத்து, மின்விசிறியும் ஈரநீக்கியும் வைத்து உலர்த்துங்கள். வெட்டி எடுத்த குழாய்த் துண்டையும் பலகைத் துண்டையும் மட்டும் எறியாமல் வைத்திருங்கள்.

சோதனைக்காகப் பணத்தை இறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூஞ்சை கண்ணுக்குத் தெரியும்போது மாதிரி எடுத்துச் சோதிப்பது பெரும்பாலும் தேவையற்றது என்பதே அந்த முகமையின் கருத்து. இவ்வளவு இருந்தால் ஆபத்து என்று கூட்டாட்சி அரசு நிர்ணயித்த அளவும் கிடையாது. ஏறத்தாழ 10 சதுர அடிக்குக் குறைவான பரப்பை வீட்டுக்காரரே சுத்தம் செய்துகொள்ளலாம் என்றும் அது சொல்கிறது. ஆனால் டெக்சாஸில் தொடர்ச்சியாக 25 சதுர அடியோ அதற்கு மேலோ பரவியிருந்து, வெளியாரை அமர்த்தினால், பொதுவாக உரிமம் பெற்றவர்கள்தாம் செய்ய வேண்டும்; ஆய்வு செய்பவரும் அகற்றுபவரும் ஒரே வேலையில் ஒரே ஆளாகவோ ஒரே நிறுவனமாகவோ இருக்கக் கூடாது. இலவசமாக ஆய்வு செய்து, உடனே அகற்றும் வேலைக்கும் விலை சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் பூஞ்சைச் சீரமைப்புச் சான்றிதழைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். க்ளெய்ம் செய்த வரலாறு காப்பீட்டு நிறுவனங்கள் பார்க்கும் பொதுப் பதிவில் ஏழு ஆண்டு வரை இருக்கும். ஆனால் முறையாகச் சீரமைத்துச் சான்றிதழ் பெற்ற வீட்டுக்கு, பழைய பூஞ்சையை மட்டும் காரணம் காட்டி டெக்சாஸில் காப்பீட்டை மறுக்கச் சட்டம் இடம் தரவில்லை. வீட்டை விற்கும்போதும் அந்தத் தாள் உதவும்.

வெள்ளத்தால் வந்த பூஞ்சை முற்றிலும் வேறு கணக்கு. 2017 இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் வீட்டுக்குள் புகுந்த தண்ணீருக்கு வீட்டுக் காப்பீடு பொறுப்பேற்கவில்லை. அதற்குத் தனியாக வெள்ளக் காப்பீடு வேண்டும். அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வீட்டுக்கு 2,50,000 டாலர், உடைமைகளுக்கு 1,00,000 டாலர் வரை தருகிறது. வெள்ளம் வடிந்த பிறகு வீட்டைக் கவனிக்காமல் விட்டதால் வளர்ந்த பூஞ்சைக்கு அதிலும் பணம் இல்லை. வெளியே தங்கும் செலவும் கிடையாது. பொதுவாக வாங்கிய நாளிலிருந்து 30 நாட்கள் கழித்தே அது நடைமுறைக்கு வரும் என்பதால் புயல் எச்சரிக்கை வந்த பிறகு வாங்கிப் பயனில்லை. கழிவுநீர் குழாய் வழியே எதிர்த்து வீட்டுக்குள் வந்தால் அதற்கும் பாலிசியில் தனி இணைப்புத் தாள் வேண்டும்.

இனி உங்கள் தொட்டிக்கு வருவோம். முதலில் ஒரு குழாய்ப் பணியாளரை அழைத்து, கசிவு எந்த இடத்தில், எந்தப் பழுதால் வந்தது என்று எழுத்தில் வாங்குங்கள். க்ளெய்மின் உயிர் அந்த ஒரு பக்கத்தில் இருக்கிறது. கசிவு வெளி இணைப்பில் இருந்து, பூஞ்சையும் சிறு பரப்பாக இருந்தால், சரிசெய்யும் செலவு ஒவ்வொரு க்ளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய டிடக்டிபிள் தொகையைத் தாண்டுமா என்று பாருங்கள். தாண்டாது என்றால் க்ளெய்ம் செய்யாமல் நீங்களே முடித்துக்கொள்வதே லாபம். பணம் வராத க்ளெய்மும் பதிவில் ஏறக்கூடும். சுவருக்குள் குழாய் உடைந்திருந்தால் அன்றே தெரிவித்துவிட்டு, தண்ணீர்ச் சேதத்தையும் பூஞ்சையையும் தனித்தனி வரிகளாக மதிப்பிடும்படி ஒப்பந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தொகை பெரிதாகி நிறுவனம் இறங்கிவரவில்லை என்றால் உரிமம் பெற்ற பொது அட்ஜஸ்டர் ஒருவரை உங்கள் சார்பில் அமர்த்தலாம். டெக்சாஸில் அவர் இழப்பீட்டுத் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் கட்டணம் வாங்க முடியாது.

க்ளெய்ம் எப்படி முடிந்தாலும், அடுத்த புதுப்பித்தலுக்கு முன் முகவரிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டியவை சில உள்ளன: பூஞ்சை வரம்பை உயர்த்த எவ்வளவு கூடுதல் பிரீமியம், அந்த வரம்பு ஆண்டுக்கா க்ளெய்முக்கா, கண்ணுக்குத் தெரியாத கசிவுக்கு நாள் கணக்கு ஏதும் உண்டா. பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கிப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.