மாடு மேய்ந்தால் நிலம் கெடும் என்கிறார்களே, அப்புறம் எப்படிச் சில நாடுகளில் மேயவிட்டே இயற்கையை மீட்கிறார்கள்?

எந்த இனம், எத்தனை உருப்படி, எந்தப் பருவம் என்று சொல்லாமல் மேய்ச்சல் நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் கிடைக்காது. எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்தை வைத்தே சொல்கிறேன்.

செக் நாட்டில், பிராகுக்கு வடகிழக்கே மிலோவிட்சே என்ற ஊரில் பெரிய ராணுவப் பயிற்சிக் களம் இருந்தது. டாங்கிகள் ஓடி மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்ததால் அது திறந்த புல்வெளியாகவே கிடந்தது. பூச்செடிகளும் பட்டாம்பூச்சிகளும் ஏராளம். 1991இல் சோவியத் படை வெளியேறியதும் மனிதத் தொந்தரவு நின்றது. ஆனால் நிலம் செழிக்கவில்லை. ஒரே வகை முரட்டுப் புல் எங்கும் பரவியது. அதன் சருகு தரையை மூடி, முள்புதரும் ஏறி, சின்னச் செடிகள் முளைக்கவே இடமில்லாமல் போனது.

2015 ஜனவரியில் இங்கிலாந்தின் எக்ஸ்மூர் பகுதியிலிருந்து மட்டக்குதிரைகளைக் கொண்டுவந்து அங்கே விட்டார்கள். அதே ஆண்டில் ஐரோப்பிய பைசன் என்னும் காட்டு மாட்டினமும், பழைய காட்டுமாட்டை ஒத்த மாடுகளும் வந்தன. இப்படிப்பட்ட இனங்களுக்குக் கொட்டகை வேண்டாம், தீவனம் வேண்டாம், பனியிலும் வெட்டவெளியில் நிற்கும். குளிர்காலத்தில் நல்ல புல் இல்லாதபோது அந்த முரட்டுப் புல்லையும் புதர்க் கிளையையும் கடித்துத் தின்னும். நமக்கு வேண்டியதே அந்த வேலைதான். நிறையப் பால் கறக்கும் கலப்பின மாட்டை அங்கே விட்டால் எலும்பும் தோலுமாகிவிடும்.

அங்கே ஜென்ஷியன் என்றொரு நீலப்பூச் செடி உண்டு. கடுங்கசப்பு என்பதால் குதிரைகள் அதைத் தொடுவதில்லை. சுற்றியுள்ள புல் குறைந்ததும் அதற்கு வெயில் கிடைத்துப் பெருகியது. ஒரு வகை நீலப் பட்டாம்பூச்சி அந்தச் செடியில்தான் முட்டையிடும். பிறகு அதன் புழுவை எறும்புகள் தங்கள் கூட்டுக்குள் கொண்டுபோய் வளர்க்கும். ஒரு குதிரை புல் தின்பதில் இத்தனை உயிர்களின் பிழைப்பு அடங்கியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் பெரிய வியப்பு.

அதற்காக வேலி போட்டு மாட்டை விட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நெதர்லாந்தின் ஊஸ்ட்வார்டர்ஸ்பிளாசன் என்ற இயற்கைக் காப்பகத்தில் மாடு, குதிரை, மான் எல்லாவற்றையும் வேலிக்குள் தானாகப் பெருகவிட்டார்கள். 2017-18 குளிர்காலத்தில் 3,000க்கும் மேற்பட்டவை செத்தன. பட்டினியில் துடிக்க வேண்டாம் என்று சுடப்பட்டவைதான் அவற்றில் பெரும்பகுதி. அதன் பிறகே எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தார்கள்.

எங்கள் காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், இந்தக் கணக்கு பழக்கத்திலேயே இருக்கிறது. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஒரு காட்டில் புல் குறைந்ததும் மாடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றிவிடுவார்கள். உங்களிடம் நிலம் இருந்து இதைச் செய்யும் யோசனை இருந்தால், மழைக்காலப் பச்சையைப் பார்த்து மாடு வாங்காதீர்கள். சித்திரை, வைகாசியில் எவ்வளவு புல் மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.