எகிப்திய நடன விழா என்றால் என்ன? வகுப்பு, மேடை இரண்டும் எதற்கு?

பகலில் வகுப்பு, இரவில் மேடை: எகிப்திய நடன விழா என்பது இவ்வளவுதான். கெய்ரோவில் நடனக் கலைஞர் ராகியா ஹசன் தொடங்கிய ‘அஹ்லன் வ சஹ்லன்’ (நல்வரவு என்று பொருள்) இதில் பேர்பெற்றது. பல நாட்டுக்காரர்கள் கற்றுக்கொள்ள வருவார்கள்.

வகுப்பில் ‘ரக்ஸ் ஷர்கி’ என்ற மேடை நடனம் (வெளியே ‘பெல்லி டான்ஸ்’ எனப்படுவது), நகரத்து எளிய மக்களின் ‘பலதி’, தென் எகிப்தின் ‘சயீதி’ எல்லாம் உண்டு. சயீதியில் கையில் கம்பு இருக்கும். ஆண்கள் ஆடும் ‘தஹ்தீப்’ என்ற கம்பு விளையாட்டிலிருந்து வந்தது அது. நம் சிலம்பத்துக்குத் தூரத்துச் சொந்தம் போலத் தோன்றும். 2016-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் தஹ்தீப் இடம்பெற்றது.

சரி, வகுப்பு மட்டும் போதாதா? போதாது. தனி ஆட்டத்தில் பெரும்பகுதி அந்தந்த நேரத்து இசைக்கு உடல் சொல்லும் பதில். அசைவை வகுப்பில் கற்கலாம். தர்புக்கா மேளம் வேகமெடுக்கும்போது எங்கே அடங்கி நிற்பது என்பதை, வாத்தியக் குழுவோடு ஆடுபவரைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அம்மாவிடம் ரசத்துக்கு அளவு கேட்டு எழுதிக்கொள்வது வகுப்பு. அடுப்படியில் பக்கத்தில் நின்று, நுரை கட்டும்போது இறக்குவதைப் பார்ப்பது இரவு நிகழ்ச்சி. என்னைக் கேட்டால், களைப்பில் இரவு நிகழ்ச்சியைத் தவறவிடுபவர் பாதிப் பாடத்தை விட்டவர்.

ரக்ஸ் ஷர்கி பார்வோன் காலத்திலிருந்து மாறாமல் வந்த ஆட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய மேடை வடிவம் உருப்பெற்றது 20-ஆம் நூற்றாண்டில், நடனக் கலைஞர் பதியா மசாப்னி 1926-இல் கெய்ரோவில் திறந்தது போன்ற கேளிக்கை அரங்குகளில்தான்.