வாசகர் கேள்வி – பதில்: சாவடியில் நிற்காத காய்ச்சல்

கேள்வி: நிபா என்ற பேச்சு எழும்போதெல்லாம் வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்திக் காய்ச்சல் பார்க்கிறார்கள். நைஜீரியாவில் 2014-இல் நுழைந்த எபோலாவை ஒரு பெண் மருத்துவரே தடுத்து நிறுத்திவிட்டார் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: பாதி உண்மை. மறுபாதியை யாரும் சொல்வதில்லை.

2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒருவர் லாகோஸ் விமான நிலையத்திலேயே மயங்கி விழுந்தார். அரசு மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, மலேரியா என்று கருதப்பட்டார். நம் ஊரில் ‘வைரல் காய்ச்சல்’ என்று சீட்டெழுதி அனுப்புவது போல, அங்கே காய்ச்சல் என்றாலே முதலில் மலேரியாதான். மறுநாள் அவரைப் பரிசோதித்த மூத்த மருத்துவர் அமேயோ ஸ்டெல்லா அடாதேவோ அதுவரை ஓர் எபோலா நோயாளியைக்கூடக் கண்டதில்லை. ஆயினும் நோயாளி லைபீரியாவிலிருந்து வந்தவர் என்பதையும் மலேரியா மருந்துக்கு நோய் மசியவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்து ஐயுற்றார். கலபார் நகரில் நடக்கவிருந்த மாநாட்டுக்கு அவரை அனுப்பிவிடுமாறு லைபீரியத் தரப்பிலிருந்து வந்த நெருக்கடிக்கும் அவர் இணங்கவில்லை. நோயாளி ஜூலை 25 அன்று இறந்தார். அவரிடமிருந்து தொற்றிய நோயால் ஆகஸ்ட் 19 அன்று அடாதேவோவும் இறந்தார்.

மறுபாதி, கால் தேயும் வேலை. போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிவந்த அவசரகாலச் செயல்பாட்டு மையத்தின் முறையையும் ஆட்களையும் நைஜீரியா அப்படியே எபோலாவுக்குத் திருப்பியது. தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரை, ஒவ்வொருவரையும் 21 நாள் வரை, வீடு தேடிச் சென்று பார்த்தார்கள். இத்தகைய நேரடிச் சந்திப்புகள் மட்டும் சுமார் 18,500. அப்படியும் கண்காணிப்பிலிருந்த ஒருவர் நழுவி போர்ட் ஹார்கோர்ட் நகருக்குப் போய், அங்கே ஒரு மருத்துவரிடம் இரகசியமாகச் சிகிச்சை பெற்றார். அந்த மருத்துவர் தமக்கு நோய் கண்ட பிறகும் மற்ற நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறந்துபோக, தேட வேண்டியவர்களின் பட்டியல் ஒரே நாளில் நீண்டுவிட்டது. அடாதேவோவைக் கொண்டாடும்போது இவரையும் நினைவில் வைப்பது நல்லது என்பேன். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 மரணம். புதிய நோயாளி இன்றி 42 நாள் கடந்தபின், அக்டோபர் 20 அன்று, நைஜீரியா எபோலா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது.

இனி வாளையாறு. வெப்பமானி அந்த நிமிடத்தில் காய்ச்சல் உள்ளவரை மட்டுமே காட்டும். கிருமி உடலில் புகுந்து இன்னும் காய்ச்சல் வராதவர் சிரித்துக்கொண்டே கோயம்புத்தூர் போய்விடுவார். சாவடி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், ‘எங்கிருந்து வருகிறீர்கள், யாரோடு இருந்தீர்கள்’ என்று கேட்கிற மருத்துவர் உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகா மருத்துவமனையில் இருக்கிறாரா என்பதே என் கவலை. நீங்களும் காய்ச்சலோடு போனால், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நைஜீரிய மருத்துவர்கள் பலர் பிரிட்டனுக்குப் போய்விடுகிறார்களாமே?
– வாசகர், குமுளி

பதில்: ஆம். அதற்கு ‘ஜாப்பா’ என்று யொரூபா மொழியில் ஒரு சொல்லே புழங்குகிறது. தப்பித்து ஓடுதல் என்று பொருள். செவிலியரை வளைகுடாவுக்கு அனுப்பிப் பழகிய கேரளத்தில் இருக்கும் உங்களுக்கு இது புதிதாக இராது. போகாமல் நிற்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எடோ மாநிலத்தின் இர்ருவா மருத்துவமனையில், எலியின் எச்சத்தாலும் சிறுநீராலும் பரவும் லாசா காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் மழையற்ற வறண்ட பருவத்தில் வார்டு நிரம்புகிறது. 1969-இல் போர்னோ பகுதியின் லாசா ஊரில் கண்டறியப்பட்டதால் வந்த பெயர் அது. அந்த நோயும் மலேரியா போலத்தான் தொடங்குகிறது. கையுறை போடாமல் முதல் நாளில் தொட்ட மருத்துவர்களும் செவிலியரும் அதற்குப் பலியாகியிருக்கிறார்கள்.