ஒழுகும் சோலார் ஹீட்டரைக் கழற்றிவிட்டு வழக்குப் போடலாமா?

கேள்வி: திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் வீடு. 19 மாதங்களுக்கு முன் திருவாரூரில் ஒரு கடையில் 200 லிட்டர் சோலார் வாட்டர் ஹீட்டர் வாங்கினேன், அதன் தொட்டிக்குள் கரன்ட் ஹீட்டரும் உண்டு. விலை 46,500 ரூபாய். 40,000 கொடுத்தாயிற்று, மீதியை நிறுத்தி வைத்திருக்கிறேன். பொருத்த வந்த ஆள் தனியாகக் கேட்டதால் 2,500 ரூபாயை அவருக்கே ஜிபே செய்தேன். இரண்டாவது மாதமே மாடியில் சுடுதண்ணீர் இறங்கும் வெள்ளைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மூன்று தடவை வந்து ஒட்டிவிட்டுப் போனார்கள். இப்போது நான்கு கண்ணாடிக் குழாய்கள் விரிசல் விட்டுவிட்டன, ஹால் சீலிங் முழுக்க ஓதம். கடைக்காரரோ, "உங்க ஊர்த் தண்ணி உப்பு, அதுக்கு நாங்க பொறுப்பில்ல" என்று சொந்தக்காரர்கள் எதிரிலேயே எடுத்தெறிந்து பேசினார். போலீசில் மனு கொடுத்தேன், ரசீதோடு நிற்கிறது. அடுத்த மாதம் மகளுக்கு வளைகாப்பு. வேறு பிளம்பரை வைத்து எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, 10 லட்சம் நஷ்டஈடு கேட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றிருக்கிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை ஐயா. அதைக் கழற்றிய அன்றே உங்கள் வழக்கில் பாதி போய்விடும்.

கடைக்காரர் பேசிய பேச்சு உங்களை எவ்வளவு புண்படுத்தியிருக்கிறது என்று கடிதத்தில் தெரிகிறது. ஆனால் ஆணையத்தில் அதற்கு எடை கிடையாது. போலீஸ் மனுவையும் விட்டுவிடுங்கள். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது மோசடி. வேலை சரியில்லை என்பது சிவில் தகராறு, ஸ்டேஷனுக்கு நடந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 10 லட்சம் என்ற தொகையும் உங்களுக்கு உதவாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் நீங்கள் கொடுத்த விலையை வைத்துத்தான். 46,500 ரூபாய்ப் பொருளுக்குக் கட்டணமே இல்லை, திருவாரூர் மாவட்ட ஆணையமே போதும். உண்மை நஷ்டம் ஒரு லட்சத்தைத் தொடாத இடத்தில் 10 லட்சம் கேட்டால், மனுவில் மற்ற எல்லாமே ஊதிச் சொன்னது போலத் தோன்றும்.

சட்டப்படி இதில் கேள்வி ஒன்றுதான். ஒழுகியதும் விரிந்ததும் பொருத்திய விதத்தாலா, தண்ணீராலா? சேவைக் குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவர் மேல்தான் என்பதை எஸ்.ஜி.எஸ். இந்தியா – டால்ஃபின் இன்டர்நேஷனல் வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. "தப்பில்லை என்று அவரே நிரூபிக்கட்டும்" என்று நீங்கள் சும்மா இருக்க முடியாது. உங்களுக்கான சாட்சி முழுக்க இப்போது உங்கள் மொட்டைமாடியில்தான் இருக்கிறது.

அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஹீட்டரிலிருந்து கீழே இறங்கும் சுடுதண்ணீர்க் குழாயின் மேல் அச்சடித்த வரி ஒன்று ஓடும். அதில் இந்தியத் தர எண் ஐ.எஸ். 15778 என்று இருந்தால் அது சிபிவிசி, சுடுதண்ணீருக்கானது, 90 டிகிரி வரை தாங்கும். ஐ.எஸ். 4985 என்று இருந்தால் அது குளிர்ந்த தண்ணீருக்கான யுபிவிசி. சூடு ஏறினால் இளகித் தொய்யும், மூட்டு விடும், எத்தனை தடவை பசை போட்டாலும் நிற்காது. உங்களுடையது வெள்ளைக் குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 4985 என்று இருந்து, அதை ஒரு போட்டோ எடுத்தால், "உப்புத் தண்ணீர்" என்ற வாதத்தின் முதுகெலும்பு அங்கேயே முறிந்துவிடும். உப்பும் சுண்ணாம்பும் குழாய்க்குள் படியும், தொட்டியை அரிக்கும். இரண்டே மாதத்தில் மூட்டை இளக்காது.

அடுத்தது உயரம். தண்ணீர் டேங்க்கின் அடிமட்டம் சோலார் தொட்டியின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் தொட்டி முழுதாக நிரம்பாது. தொட்டி வற்றி, கண்ணாடிக் குழாய் காய்ந்து கொதித்து நிற்கிற நேரத்தில் மோட்டாரைப் போட்டு குளிர்ந்த தண்ணீர் உள்ளே பாய்ந்தால் கண்ணாடி விரியத்தான் செய்யும். டேப்பை நிறுத்திப் பிடித்து இரண்டு மட்டமும் ஒரே படத்தில் தெரியும்படி எடுங்கள். காற்றுப்போக்கி, அதாவது சோலார் தொட்டியிலிருந்து காற்றும் ஆவியும் வெளியேறும் குழாய், டேங்க்கின் தண்ணீர் மட்டத்தைத் தாண்டி எழுந்து, வாய் திறந்து நிற்கிறதா? குளிர்ந்த தண்ணீர் உள்ளே போகும் வழியில் திரும்பா வால்வு இருக்கிறதா? ஸ்டாண்டின் கால்களைத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் அடித்திருக்கிறார்களா, தனியே சிமென்ட் கட்டை கட்டி நிறுத்தியிருக்கிறார்களா? 2018 நவம்பரில் கஜா அடித்த ஊர் அது. ஸ்டாண்டைப் பிணைக்காமல் விட முடியாது. ஆனால் தட்டோட்டைத் துளைத்துவிட்டு ஓட்டையை அடைக்காமல் போனால், மழைத் தண்ணீர் அந்த வழியாகவே ஹாலுக்கு இறங்கும்.

சீலிங் ஓதத்துக்குத் தனியாக ஒரு சோதனை வேண்டும். ஏனென்றால் "ஐப்பசி மழையில் ஊரில் எல்லார் வீட்டுச் சீலிங்கும்தான் ஓதம் அடிக்கிறது" என்று பதில் மனுவில் நிச்சயம் வரும். மழை இல்லாத வாரத்தில் ஹீட்டருக்குப் போகும் வால்வை ஐந்து நாள் மூடி வையுங்கள். ஓதத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, தினமும் ஒரு படம். திறந்த பிறகு மறுபடி ஐந்து நாள். விளிம்பு சுருங்கி மறுபடி விரிந்தால் அது மழையின் வேலை இல்லை.

தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து கடினத்தன்மை பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை. உத்தரவாத அட்டையில் கடினத்தன்மை பற்றி ஒரு வரி இருக்கும், அதையும் படியுங்கள். டேங்க்கில் ஏறுவது போர்த் தண்ணீரா, கொள்ளிடக் கூட்டுக் குடிநீரா என்று நீங்கள் எழுதவில்லை. போர்த் தண்ணீராக இருந்து அளவு கூடிவிட்டால், தொட்டி, கண்ணாடி சம்பந்தப்பட்ட பகுதியில் அவர் கை ஓங்கும். குழாயும் சீலிங்கும் அப்போதும் உங்கள் பக்கம்தான். அதே மாவட்டத்தில் கடை வைத்திருப்பவர், எந்தத் தண்ணீர் என்று கேட்காமலே விற்றார் என்பதையும் மனுவில் சேர்க்கலாம்.

வழக்குப் போடுகிறவர்கள் விழுகிற முதல் குழி இதுதான்: விசேஷம் வருகிறது என்று எல்லாவற்றையும் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவது. பிறகு ஆணையம் வழக்கறிஞர் ஆணையரையும் (நேரில் பார்த்து அறிக்கை தர நியமிக்கப்படும் வக்கீல்) பொறியாளரையும் அனுப்பினாலும், அவர்கள் பார்ப்பது புதுப் பிளம்பரின் வேலையை. வளைகாப்புக்கு முன் மாற்றியே ஆகவேண்டும் என்றால் இந்த வரிசையில் செய்யுங்கள். கடைக்கும் தயாரிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம்: "இன்ன தேதி, இன்ன நேரத்தில் பொறியாளர் முன்னிலையில் ஆய்வு, நீங்களும் ஆள் அனுப்பலாம்." குறைந்தது பத்து நாள் அவகாசம் கொடுங்கள். அவர்கள் வராவிட்டால் பரவாயில்லை, "எங்கள் முதுகுக்குப் பின்னால் எடுத்த அறிக்கை" என்று பிறகு சொல்ல முடியாது, அது போதும். ஆய்வு செய்பவர் சிவில் அல்லது மெக்கானிக்கல் படித்தவராக, அறிக்கையில் கையெழுத்திட்டு, பிரமாணப் பத்திரமும் தரத் தயாராக இருக்கவேண்டும். அச்சு வரி தெரிகிற மாதிரி ஓரடி நீளத்துக்குக் குழாயை, விட்டுப்போன மூட்டோடு சேர்த்து வெட்டி, துணியில் சுற்றி சீல் வைத்து, இரண்டு சாட்சிகள் கையெழுத்தோடு பீரோவில் வையுங்கள். விரிந்த கண்ணாடியும் அப்படியே. தொட்டி ஸ்டிக்கரின் வரிசை எண்ணைப் படம் எடுங்கள். அதன் பிறகு கழற்றலாம்.

இரண்டாவது குழி கையெழுத்து. பழுது பார்க்க வருகிறவர் ஒரு சர்வீஸ் சீட்டை நீட்டுவார். "வேலை முழுத் திருப்தியாக முடிந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். தண்ணீர் வருகிற சந்தோஷத்தில் போட்டுக் கொடுக்கிற அந்த ஒரு கையெழுத்தால் நல்ல வழக்குகள் நாசமாகின்றன. மூன்று தடவை வந்தார்களே, எதில் கையெழுத்துப் போட்டீர்கள்? நகல் இல்லாவிட்டால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். இனி நீட்டினால் அந்த வரியை அடித்துவிட்டு, "ஒட்டுப் போடப்பட்டது, ஒழுகல் தொடர்கிறதா என்று பார்க்கவேண்டும்" என்று உங்கள் கையால் எழுதிப் போடுங்கள்.

மூன்றாவது, கெடு. 69-ஆம் பிரிவின்படி இரண்டு வருடம்தான். முதல் ஒழுகல் இரண்டாவது மாதம். ஆக 26-ஆவது மாதத்தோடு முடிகிறது, உங்களுக்கு மிச்சம் ஏழு மாதம். கண்ணாடி விரிந்தது பிந்தித்தானே என்று வாதாட இடமுண்டு, அதை நம்பி இருக்கவேண்டாம். அவர்கள் வந்து ஒட்டியதாலோ, வக்கீல் நோட்டீஸ் விட்டதாலோ, "அடுத்த வாரம் ஆள் அனுப்புகிறேன்" என்ற வாட்ஸ்அப்பாலோ கெடு நீளாது. நல்ல பேச்சுப் பேசியே இரண்டு வருடத்தைத் தாண்ட வைத்துவிடுகிறார்கள்.

ஜிபே செய்த 2,500-ஐப் பிடித்துக்கொண்டு, "பொருத்தியது அவர் தனியாகப் பேசிக்கொண்ட வேலை" என்று கடை கைகழுவும். அந்த ஆளைக் கடைதான் அனுப்பியது என்பதற்கு ஒரு செய்தியாவது, ஒரு அழைப்பாவது போனில் இருக்கும். அந்தப் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். மனுவில் கடை, தயாரிப்பாளர், பொருத்தியவர் மூவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள், ஒருவரை விட்டாலும் பழி அவர்மேல் போகும். 6,500-ஐ நிறுத்தியது தவறில்லை. பாதிப் பணம் கொடுத்து மீதிக்கு ஒப்புக்கொண்டவரும் நுகர்வோரே. ஏன் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு என் யோசனை: சமரசத்துக்குப் போங்கள். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அதைவிட நீளும், பிறகு மேல்முறையீடு. விரிந்த கண்ணாடிக் குழாய் ஒன்று சில நூறு ரூபாய்தான். குழாய் வேலை முழுவதும், தட்டோட்டை அடைப்பது, சீலிங் பெயின்ட், இதுதான் மொத்தத் தகராறும். பொறியாளர் அறிக்கையும் ஐ.எஸ். எண் படமும் கையில் இருந்தால் கடைக்காரர் பேசுகிற குரலே வேறாக இருக்கும். சுடுதண்ணீர்க் குழாய் முழுவதும் அவர் செலவில் சிபிவிசி, டேங்க் உயரத்தைச் சரிசெய்வது, நான்கு கண்ணாடி, சீலிங் செலவு, 6,500 தள்ளுபடி. இதற்குச் சம்மதித்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில், தேதியோடு, "30 நாள் ஓடவிட்டு ஒழுகல் இல்லையென்றால் மட்டுமே புகார் தீர்ந்தது" என்ற வரியோடு. கெடுவுக்கு மூன்று மாதம் மிச்சமிருக்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு மனுவைத் தாக்கல் செய்யவேண்டும்.

இன்னொன்று, இது வழக்குக்காக இல்லை. அந்தத் தொட்டியில் கரன்ட் ஹீட்டரும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். தொட்டி வற்றி நிற்கும்போது அது ஓடினால் அதன் கம்பிச்சுருள் எரியும், எர்த் சரியில்லாவிட்டால் குளிக்கிறவருக்கு ஷாக் அடிக்கும். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறார். இன்றைக்கே அதன் பிரேக்கரைக் கீழே தள்ளி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். எலெக்ட்ரீஷியன் எர்த்தைப் பார்த்துச் சொல்லும்வரை யாரும் போடவேண்டாம்.