கல்லில் குறை தேடும் படிப்பு

ஐயா, மகளை எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க நேற்று நீங்கள் குடும்பத்தோடு வந்தபோது உங்கள் மச்சினர்தான் முக்கால்வாசி நேரம் பேசினார். "பி.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைதான், கடனை உடனை வாங்கியாவது கம்ப்யூட்டர் சயின்ஸ்ல சேத்துடுங்க" என்றார். பாப்பா வாயே திறக்கவில்லை. உங்கள் பயம் புரிகிறது. அதற்காக 14 லட்சம் கடனில் மேனேஜ்மென்ட் சீட் வாங்குவதை என்னால் சரி என்று சொல்ல முடியாது. கோடிங் பிடிக்கவில்லை என்று அவள் உங்களிடமே சொல்லியிருக்கிறாள். வட்டி கட்டப்போவது மச்சினர் இல்லை.

கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "வைரத்துல ஒரு அணு இல்லாம போனா என்ன ஆகும் சார்?" நகைக்கடையில் கல் பார்க்கிறவர் மகள் கேட்கிற கேள்விதான். நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்க்கும் குறையைவிட இது மிக மிகச் சிறியது. கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நைட்ரஜன் அணு, அதை ஒட்டிய இடம் காலி. இதை என்.வி. (நைட்ரஜன்-வேகன்சி, அதாவது நைட்ரஜனும் காலியிடமும்) மையம் என்பார்கள். அங்கே உள்ள எலக்ட்ரான்கள் குட்டிக் காந்தம்போல நடந்துகொள்கின்றன. பச்சை லேசர் அடித்தால் சிவப்பாக ஒளிரும். 2.87 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் கொடுத்தால் அந்த ஒளி மங்கும். பக்கத்தில் காந்தப்புலம் இருந்தால் மங்கும் அலைவரிசை ஒன்று இரண்டாகப் பிரியும். அந்த இடைவெளியே புலத்தின் அளவைச் சொல்லிவிடும். கடற்புழுவின் ஒற்றை நரம்பு செல்லில் ஓடிய துடிப்பை 2016-இல் இப்படித்தான் அளந்தார்கள். இப்படி அணு, எலக்ட்ரான் அளவிலான இயல்புகளைப் பயன்படுத்தும் கருவிகளைக் குவாண்டம் கருவிகள் என்பார்கள். அவற்றில் பலவற்றுக்கு உறைகுளிர் வேண்டும். இது சாதாரண அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். வைரத்தின் பிணைப்பு அவ்வளவு இறுக்கம், கார்பனிலும் 99 சதவீதத்துக்கு அணுக்கருக் காந்தம் கிடையாது. அதனால் எலக்ட்ரானுக்குத் தொந்தரவு குறைவு.

இதற்கு நம் நாட்டில் இடம் இருக்கிறது. 2023-இல் 6,003 கோடி ரூபாயில் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. அதில் உணர்விகளுக்கான (இப்படி அளக்கும் சென்சார்களுக்கான) மையம் மும்பை ஐஐடி. ஆய்வகத்தில் வைரம் வளர்க்கும் ஆராய்ச்சிக்குச் சென்னை ஐஐடிக்கு அதே ஆண்டு 242 கோடி ஒதுக்கினார்கள்.

வழி இதுதான். அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல். அங்கே கட்டணம் உங்கள் வீட்டைச் சாய்க்காது. மூன்றாம் ஆண்டு பிப்ரவரியில் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சி., பிறகு ஆராய்ச்சி. லேசரை மேசையில் நேராக அமைப்பது, மைக்ரோவேவ் சர்க்யூட், கொஞ்சம் பைதான் எல்லாம் கற்க வேண்டும். பைதானை ஒரு கருவியாகப் படிப்பது வேறு, அதுவே பிழைப்பாவது வேறு. பழைய ரேடியோவைப் பிரித்துச் சால்டரிங் பண்ணுகிற பிள்ளைக்கு இதெல்லாம் கைவரும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிலையான சம்பளம் வரப் பத்து வருடம் ஆகலாம். ஆராய்ச்சி மாணவர்களுக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், ஆனால் அதற்கே ஐந்தாறு வருடம் காத்திருக்க வேண்டும். நான்கு வருடத்தில் அவள் சம்பளம் வந்தே ஆக வேண்டிய நிலைமை என்றால் இப்போதே சொல்லுங்கள், வேறு கணக்குப் போடலாம். "குவாண்டம்" என்று பெயர் ஒட்டி லட்சக்கணக்கில் கேட்கிற புதுப் படிப்புகளுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள்.

மேனேஜ்மென்ட் சீட்டுக்கான முன்பணத்தை இந்த வாரம் கட்ட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள், அம்மா, பாப்பா மூன்று பேர் மட்டும் வாருங்கள். முதல் அரை மணி நேரம் அவள் பேசட்டும்.